அண்ணன் நிரப்பிவச்ச டாங்கி

தெனமும் காலைல வாசலக் கூட்டி முடிச்சதும் எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. நடையில நிக்கிற ஸ்கூட்டர் மேல அம்மாவோட பழைய சேலையப் போத்தி வச்சிருந்தோம். அதக் கொஞ்சமா விலக்குவேன். ஹாண்டிலப் பிடிச்சு வண்டிய அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா ஆட்டுவேன். காது குடுத்துக் கேப்பேன்.

களக். களக்.

உள்ள பெட்ரோல் இருக்கு. அண்ணன் போட்ட பெட்ரோல். அம்புட்டுதான். சேலைய இழுத்து மூடிட்டு அடுப்படிக்குப் போயிருவேன்.

எங்க அண்ணன் நிஜாமுக்குக் காய்ச்சல் வந்ததையும், மதுரைக்குக் கூட்டிட்டுப் போனதையும், ஆறாம் நாளு அவனத் திருப்பிக் கொண்டுவந்ததையும் போன வாரம் எழுதிருந்தேன். நெறையப் பேரு கடிதம் போட்டிருக்கீக. படிச்சேன். அதப் பத்தி அதுக்கு மேல எழுத எனக்குத் தெம்பு இல்ல. அவன் வண்டியப் பத்தி எழுதுறேன். அது முடியும்னு தோணுது.

முதல் ரெண்டு மூணு மாசம் வண்டிய ஆட்டுனா சத்தமே வராது. பயந்துபோயி மூடியத் திறந்து பாப்பேன். கழுத்து வரைக்கும் நிக்கும். வெயில் காலம் வந்த பெறகுதான் இந்தக் களக் களக் கேக்க ஆரம்பிச்சுது. எனக்கு அம்புட்டு சந்தோசம். வண்டி எங்கூடப் பேசுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

புத்தி கெட்டவ.

அம்மா போட்ட கெடு

அவன் போயி எட்டு மாசம் இருக்கும். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கிட்டே அம்மா பேச்ச எடுத்துச்சு.

"நிக்கிற வண்டி மண்ணாப் போகும்டீ. மல்லாங்கிணத்துக்காரரு மூணு தடவை கேட்டுட்டாரு."

மல்லாங்கிணத்துல பருத்தியும் மல்லியும் போடுற ஒரு அய்யா அவரு. அண்ணங்கிட்ட அவரு மொபெட்டுக்குப் புகை டெஸ்ட் எடுக்க வருவாரு. நல்ல மனுசன். "தம்பி வண்டிய நான் பத்திரமா வச்சுக்கிருவேம்மா"ன்னுதான் கேட்டாரு.

"நான் ஓட்டுறேம்மா. ஆமத்தூருக்கு பஸ்ஸுல தொங்கிட்டுப் போறதுக்கு இதுல போறேன்."

ஓட்டப் பழக்கிவிட்டதே அண்ணன்தான். அம்மாவுக்கும் தெரியும்.

"நீ ஓட்டுவ. அன்னைக்கு நீ கிளப்புனப்ப தெருவே தெரியல. எதுத்த வீட்டுக்காரி வந்து, கொசு மருந்து அடிக்க ஆளு வந்துட்டாகளான்னு கேக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மா சிரிக்கல.

"ஊருக்கெல்லாம் புகை பாத்துச் சொன்னவன் வண்டி, புகையக் கக்கிக்கிட்டு ரோட்டுல போகக் கூடாது. அவன் மிஷின்லயே வச்சுப் பாரு. பாஸாச்சுன்னா நீ ஓட்டிக்கோ. ஆகலைன்னா வார வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அவரு வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமைக்கு அஞ்சு நாளு இருந்துச்சு.

தகர ஷெட்டு

ஆமத்தூரு விலக்குல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. அத ஒட்டி ஒரு தகர ஷெட்டு. முகப்புல வாகனப் புகை பரிசோதனைன்னு மஞ்ச போர்டு. அண்ணன் வச்சது. அவன் போன பெறகு நான்தான் பாத்துக்கிறேன். உள்ள ஒரு மிஷின், ஒரு மேசை, ரெண்டு ஸ்டூலு. மிஷின்ல இருந்து நீளமா ஒரு குழாய் வரும். ஓடுற வண்டியோட சைலன்சருக்குள்ள அத விட்டா, புகையில எம்புட்டு விஷ வாயு இருக்குன்னு நம்பர் காட்டும். பழைய ஸ்கூட்டர்னா நாலரைக்குள்ள இருக்கணும். மேல போனா ஃபெயிலு.

எட்டாவதோட நின்ன என்னை அங்கன கூட்டிட்டுப் போயி உக்கார வச்சான். நான் நம்பரப் பாத்துச் சொல்லணும், அவன் எழுதுவான். கணக்குப் போட்டுப் பாக்குற தாளு பூராம் சிவகாசி பிரஸ்ல வெட்டித் தள்ளுன காலண்டர் ஓரம். முன்பக்கம் பாதி ரோஜாப்பூ இருக்கும். பின்பக்கம் யாரோ ஒருத்தர் வண்டிப் புகை இருக்கும்.

குழாய உள்ள விடாம ஒருத்தருக்கும் பேப்பர் குடுக்க மாட்டான். ஒருத்தரு ஒரு நா கையை வீசிக்கிட்டு வந்தாரு.

"தம்பி, ஒரு சர்ட்டிபிகேட் போடு."

"வண்டி எங்கண்ணே?"

"வீட்ல நிக்குது."

"அப்ப புகையும் வீட்லதான நிக்கும். அதுகிட்டயே கையெழுத்து வாங்கிக்கோங்க."

வந்தவரு மூஞ்சி நமுத்த பட்டாசு மாதிரி ஆயிருச்சு. அவரு போன பெறகு நான் சொன்னேன், ஒரு பேப்பர்தான, குடுத்திருக்கலாம்ல. அண்ணன் குழாயச் சுருட்டிக்கிட்டே, "அந்தப் புகைய நீயும் நானுந்தான் குடிக்கணும் ஜெரி"ன்னான்.

கந்தகத்துக்குப் பழகுன ஊரு

பங்க்ல பெட்ரோல் போடுற செல்வி என் சோட்டுப் பிள்ள, என் வயசுதான். அவளுக்கும் அண்ணனுக்கும் தெனம் ஒரு சண்டை.

ரெண்டு ஸ்ட்ரோக்கு வண்டிக்கு பெட்ரோலோட ஆயிலும் சேத்து ஊத்தணும். லிட்டருக்கு இருபது மில்லி போதும். ஆனா எங்க பக்கத்து ஆளுகளுக்கு மனசு கேக்காது. "இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி, இஞ்சின் குளிரட்டும்"பாக. செல்வியும் ஊத்துவா. கூட ஊத்துன ஆயிலு எரியாம வெள்ளப் புகையா வெளிய வரும். அண்ணன் ஷெட்டுல இருந்தே கத்துவான்.

"ஏ செல்வி, பெட்ரோல் போடுறியா, பணியாரம் சுடுறியா?"

"நீங்க சைலன்சரப் பாருங்க. டாங்கிய நான் பாத்துக்கிறேன்."

"டாங்கில போறதுதான் பிள்ள சைலன்சர்ல வருது!"

இத ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவான். லாரில லோடு வந்து இறங்குன அன்னைக்கு, செல்விகிட்ட ஒரு வெள்ளத் தாளு வாங்குவான். வடிகட்டுற தாளு, பங்க்ல கேட்டா குடுப்பாக. அதுல பங்க் குழாயோட நாசில்ல இருந்து ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு ஊதுவான். நல்ல பெட்ரோல்னா ரெண்டு நிமிசத்துல பறந்துரும், தாளு பழையபடி வெள்ளையாயிரும். கறை நின்னா மண்ணெண்ணெய் கலந்திருக்குன்னு அர்த்தம். அந்தப் பங்க்ல ஒரு நாளும் கறை நின்னதில்ல.

முன்னாடியெல்லாம் பெட்ரோல்ல ஈயம் கலந்து வருமாம். அத எடுத்தப்ப, ஈயம் இல்லாத பெட்ரோலு இஞ்சினத் தின்னுரும்னு ஆளுக பயந்தாகளாம். "ஈயம் ஒங்க இஞ்சினுக்கு நல்லதுன்னே வைங்கண்ணே. ஒங்க பிள்ளைக்கு?"ன்னு கேட்டேன்னு அண்ணன் பெருமையாச் சொல்லுவான்.

பெறகு கந்தகத்தக் கொறைக்க ஆரம்பிச்சாக. எங்க பக்கத்துல கந்தகம்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடி மருந்துல இருக்கும். சாயங்காலம் பஸ்ஸுல ஏறுறவுக சட்டையில இருக்கும். அது பெட்ரோல்லயும் இருக்குன்னு அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சென்னைக்கு மூணாம் நிலைப் பெட்ரோல் போகுதாம், கந்தகம் கம்மி. நமக்கு வர்றது ரெண்டாம் நிலை, கந்தகம் கூட. செல்விக்கு அதக் கேட்டதும் கோவம்.

"நம்ம ஊருன்னா அம்புட்டு எளக்காரமா?"

"இல்ல பிள்ள. இவுகளுக்குத்தான் பழகிப்போச்சேன்னு நெனச்சிருப்பாக."

எனக்குப் பெட்ரோல் வாடை பிடிக்கும். சின்னதுல இருந்தே. மூடியத் திறந்தா மூக்கக் கொண்டுபோவேன். அண்ணன் பொடதியில ஒண்ணு வைப்பான். "அதுல பென்சீன்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்தக் கெடுக்கும். பூவா அது, மோந்து பாக்க?"

அவன் போன பெறகு ஒரு நா நடையில உக்காந்து, யாரும் அடிக்க மாட்டாகன்னு தெரிஞ்சே மூடியத் திறந்து மோந்தேன். பெட்ரோல் வாடை இல்ல. புதுக் கட்டிலுக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி ஒரு வாடை. எனக்கு ஒண்ணும் புரியல. மூடிட்டேன்.

ஆறே கால்

திங்கக்கிழமை ஸ்கூட்டர எடுத்தேன். பதினேழு உதை. ஆமத்தூரு போறதுக்குள்ள மூணு தடவை நின்னுச்சு. பின்னால வந்த பஸ்ஸு டிரைவரு ஹாரன அடிச்சுக்கிட்டே, "ஏ பாப்பா, ரயிலா ஓட்டுற?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

ஷெட்டுல நான் மட்டும். குழாய சைலன்சருக்குள்ள விட்டேன். நம்பர் ஏறுச்சு. நாலரையத் தாண்டுச்சு. அஞ்சரை. ஆறே கால்ல வந்து நின்னுச்சு.

இப்ப ஒண்ணு சொல்றேன். இத அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல.

மேசை டிராயர இழுத்து ஒரு பேப்பர எடுத்தேன். அண்ணன் வண்டி நம்பர எழுதுனேன். ரப்பர் ஸ்டாம்ப எடுத்துப் பக்கத்துல வச்சேன். மூணரைன்னு எழுதுனா முடிஞ்சுது. அம்மா நம்பும். மல்லாங்கிணத்து அய்யா போயிருவாரு. வண்டி எனக்கு. ஒருத்தருக்கும் தெரியாது.

பேனா அந்தக் கட்டத்துக்கு மேல நின்னுச்சு. வண்டி இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஷெட்டு பூராம் புகை. கண்ணு எரிஞ்சுச்சு. இருமுனேன். அந்தப் புகைய நான்தான் குடிச்சுக்கிட்டு இருந்தேன்.

பேப்பரக் கிழிச்சுட்டு வண்டிய நிப்பாட்டுனேன்.

மூச்சு ஓட்டை

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி அண்ணன் ஒர்க் ஷாப்பு. அண்ணனோட சேக்காளி. வண்டிய உருட்டிட்டுப் போனேன். கார்பரேட்டரக் கழட்டி வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சாரு. உள்ள பூராம் பழுப்பா, பிசின் மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு.

"டாங்கிய வடிச்சிருவோம் தாயி."

"வேண்டாம்ணே."

"எட்டு மாசம் நின்னது. இது பெட்ரோலே இல்ல. லேசா பத்துறது எல்லாம் ஆவியாப் போயிருச்சு. கனமானதுதான் கெடக்கு. அது சரியா எரியாது, புகையும்."

"மூடி போட்டுத்தான இருந்துச்சு. எப்பிடிப் போகும்?"

"மூடியில மூச்சு ஓட்டை இருக்கும்ல. வண்டிய ஆட்டுனா சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"மொதல்ல கேட்டுச்சா?"

நான் மூடிய எடுத்து அந்த ஓட்டையப் பாத்தேன்.

"நிறைஞ்ச டாங்கி சத்தம் போடாது தாயி"ன்னு சொல்லிட்டு அவரு ஸ்பேனரத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

தெனம் காலைல நான் சந்தோசப்பட்டுக் கேட்டது, அது போய்க்கிட்டு இருக்கிற சத்தம். எனக்கு அத ஏத்துக்கிற முடியல. நான் பத்திரமா வச்சிருந்தது கெட்டுப்போச்சுன்னா, நான்தான கெடுத்தேன்? அப்பிடி இருக்காது. வேற யாரோ பண்ணிருக்கணும். போடும்போதே பெட்ரோல் சரியில்லாம இருந்திருக்கணும்.

பங்க்ல இருந்து ஒரு வெள்ளத் தாளு வாங்கிட்டு வந்து, டாங்கில இருந்து ஒரு சொட்டு விட்டேன். ஊதுனேன். ரெண்டு நிமிசம். அஞ்சு நிமிசம். வட்டமா ஒரு கறை, ஓரத்துல மஞ்சளா, அப்பிடியே நின்னுச்சு.

செல்வி

செவ்வாக்கிழமை காலைல பங்க்ல நாலஞ்சு வண்டி நிக்கையில அந்தத் தாள செல்வி மூஞ்சிக்கு முன்னால நீட்டுனேன்.

"எங்கண்ணனுக்கு மண்ணெண்ணெயா ஊத்துன?"

"என்னட்டீ சொல்ற?"

"கறையப் பாரு. அவன் ஒன்ன எம்புட்டு நம்புனான்!"

நின்னவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக. ஒருத்தரு டாங்கி மூடியக் கையால பொத்திக்கிட்டாரு. செல்வி மூஞ்சி கன்னிப்போச்சு. தாள வாங்கி, மோந்து பாத்து, வெரலால தேய்ச்சா.

"எங்க இருந்து எடுத்த?"

"அண்ணன் டாங்கில இருந்து."

"அது என்ன வண்டி?"

"ஏன், தெரியாதா ஒனக்கு? ஸ்கூட்டரு."

"ரெண்டு ஸ்ட்ரோக்கு. அதுல நான் பெட்ரோலோட எதச் சேத்து ஊத்துவேன்?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஆயிலு. ஆயிலு கலந்த பெட்ரோல். அத எந்தத் தாள்ல விட்டாலும் கறை நிக்கும். அண்ணன் ஒரு நாளும் வண்டி டாங்கில இருந்து எடுத்ததில்ல, நாசில்ல இருந்துதான் எடுப்பான். பக்கத்துல ரெண்டு வருசம் நின்னு பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னைக்கு எனக்கு ஒரு கள்ளன் வேணும். அம்புட்டுதான்.

"ஆயில நான்தான்டீ ஊத்துனேன்"ன்னா செல்வி. "நூத்திருபது மில்லி. அவரு அளவுக் குடுவையவே பாத்துக்கிட்டு நின்னாரு. ஒரு சொட்டுக் கூட விழுகக் கூடாதுன்னு."

"நூத்திருபதா?"

"எப்பவும் ரெண்டு லிட்டர் போடுற ஆளு. அன்னைக்கு மட்டும், 'நெறைச்சிரு பிள்ள, நாளைக்குத் தாயில்பட்டி போணும்'னாரு. கண்ணு செவந்து கெடந்துச்சு. காய்ச்சலான்னு கேட்டேன். வெயிலுன்னாரு."

நாசில் பிடிச்ச கையாலயே மூக்கத் தொடச்சா. நின்ன வண்டிக்காரக அத்தன பேரு முன்னாலயும் அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். பின்னால இருந்த ஒருத்தரு, "யம்மா, அழுது முடிச்சுட்டு ஒரு லிட்டர் போடுங்க"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

தாயில்பட்டி போறதா அவன் வீட்ல சொல்லவே இல்ல. காய்ச்சல்ல படுத்துட்டான்.

ஒரு டம்ளர்

வியாழக்கிழமை ஒர்க் ஷாப்புல நானே பெட்ரோல் கொழாயப் புடுங்கி டாங்கிய வடிச்சேன். மூணு லிட்டரு சொச்சம் இருந்துச்சு. தேத்தண்ணி நெறம்.

"தூர ஊத்திராதீகண்ணே."

"ஊத்தல. ஆனா வீட்டுக்குக் கொண்டுபோகாத. வெடி மருந்து வெளையிற சீமை இது"ன்னாரு கருப்பசாமி அண்ணன். கொஞ்ச நேரம் தலையச் சொறிஞ்சாரு. "வடிகட்டி கேன்ல வைக்கிறேன். நீ புதுசு நெறையப் போட்டுட்டு வா. பழசு ஒரு டம்ளர் சேத்து விடுறேன். அம்புட்டு பெட்ரோல்ல இது கரைஞ்சு எரிஞ்சிரும், புகையாது."

கார்பரேட்டரக் கழுவி மாட்டுனாரு. செல்வி புதுப் பெட்ரோல் போட்டா. ஆயில ரெண்டு பேரும் சேந்து அளந்தோம். அதோட பழசு ஒரு டம்ளர். மூணாவது உதையில பிடிச்சிருச்சு. குழாய உள்ள விட்டேன். செல்வி பங்க விட்டுட்டு ஷெட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டா.

மூணு புள்ளி எட்டு.

அம்மா அந்தப் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "நெசமா பாஸாயிருச்சா?"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விய நேராப் பாத்து என்னால ஆமாம்னு சொல்ல முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மல்லாங்கிணத்து அய்யா வந்தாரு. அம்மா அவருக்குச் சோறு போட்டு அனுப்புச்சு.

அதுக்கப்புறம் டாங்கி நெறைக்கிற நேரமெல்லாம் கருப்பசாமி அண்ணன் கடைக்குப் போயி ஒரு டம்ளர் ஊத்திக்கிருவேன். ஒவ்வொரு தடவையும் கேன் லேசாகும். நான் ஆட்டிப் பாக்குறத விட்டுட்டேன்.

கேட்டுக்கு முன்னால

கேன்ல கடைசி டம்ளர் இருந்த வாரம், தாயில்பட்டி பட்டாசு கம்பெனில இருந்து ஆளு வந்துச்சு. வேலைக்கு வர்றவுக மொபெட்டுகளுக்குப் புகை பாக்கணும். வருசா வருசம் அண்ணன் போறதுதான். மிஷின கம்பெனி வேன்ல ஏத்திவிட்டுட்டு இவன் ஸ்கூட்டர்ல போவான். அந்தக் கடைசி டம்ளர ஊத்திக்கிட்டு நானும் அப்பிடியே போனேன்.

அங்கன கேட்டுப் பக்கத்துல வண்டி போகக் கூடாது. தள்ளி ஒரு உடைமரம் இருக்கு, அதுக்கடியில நிப்பாட்டணும். சைலன்சர் சூடு ஆறுற வரைக்கும் ஆளும் அங்கனயே இருக்கணும். பெறகுதான் தீப்பெட்டி இருக்கான்னு பாத்து, உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கட்டும்னு செம்புத் தகட்டுல கைய வைக்கச் சொல்லி உள்ள விடுவாக.

மரத்தடியில வாட்ச்மேன் அய்யா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தாரு. வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே பேசுனாரு.

"வா தம்பி. வழி தெரிஞ்சுதா இப்பவாச்சும்? போன வருசம் வர்றேன்னுட்டு வரல. மொபெட்ட பூராம் வரிசையா நிப்பாட்டி வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடந்தோம்ல."

திரும்புனாரு. என்னப் பாத்தாரு. வண்டியப் பாத்தாரு.

"நான் அவன் தங்கச்சி அய்யா."

"தம்பி?"

இல்லன்னு தலைய ஆட்டுனேன். அவருக்குப் புரிஞ்சுபோச்சு. நோட்ட மூடுனாரு.

"அன்னைக்கு இங்கன வர்றதுக்குத்தான் பெட்ரோல் போட்டான்"னு சொன்னேன். "அந்தப் பெட்ரோல்லதான் இப்ப வந்திருக்கேன்."

அவரு உக்காந்திருந்த ஸ்டூல எடுத்து எனக்குப் போட்டுட்டு, கீழ கல்லுல உக்காந்தாரு.

"உக்காரு தாயி. சைலன்சர் ஆறட்டும்."

மரத்துக்கு அந்தாண்ட மொபெட்டுக வரிசையா நின்னுச்சு. யாரோ அவுக மொபெட்ட ஈரத்துணியால தொடச்சுக்கிட்டு இருந்தாக. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு எந்திரிச்சுப் போயி சைலன்சரத் தொட்டுப் பாத்தாரு.

"இன்னும் சுடுது"ன்னாரு.

ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம்.